ஆறு நாய்கள், முப்பது வினாடி

1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை இங்கிலாந்து ஏற்று நடத்தியது. ஜூலை 15, வெள்ளிக்கிழமை. உருகுவேயும் பிரான்சும் மோதவேண்டிய நாள். அந்தப் பிரிவின் மற்ற ஆட்டங்கள் எல்லாம் வெம்பிளி அரங்கில். இந்த ஒன்று மட்டும் அங்கே நடக்கவில்லை. காரணம் மழையோ கலவரமோ அல்ல. வெள்ளிக்கிழமை மாலை வெம்பிளியில் வழக்கமாக நாய்ப் பந்தயம் உண்டு. அதை ஒருநாள் நிறுத்திவைக்க அரங்கின் உரிமையாளர் சம்மதிக்கவில்லை. உலகக் கிண்ண ஆட்டம்தான் மூட்டை கட்டிக்கொண்டு நகரின் இன்னொரு மூலையில் இருந்த ஒயிட் சிட்டி அரங்குக்குப் போனது. உருகுவே 2-1 என்று வென்றது.

இதைச் சொன்னால் இன்றைய இளையர்கள் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தில் காற்பந்தை ஒதுங்கி நிற்கச் சொல்லும் துணிச்சல் எதற்கு உண்டு? அன்று நாய்களுக்கு இருந்தது.

அந்த ஒயிட் சிட்டி அரங்கும் நாய்களின் வீடுதான். 1908 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டியது. மாரத்தான் ஓட்டத்தின் தூரம் இன்று 42.195 கிலோமீட்டராக இருக்கிறதே, அந்தக் கணக்கு பிறந்ததே அங்கேதான். ஒலிம்பிக் முடிந்தபின் அவ்வளவு பெரிய அரங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள். 1927ல் கிரேஹவுண்ட் நாய்கள் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் முதலாவது இங்கிலிஷ் கிரேஹவுண்ட் டெர்பி அங்கே நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, உலகப் போர் நடந்த சில ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கிலாந்து நாய்ப் பந்தய உலகில் இதற்கு மேலே வேறு பட்டம் கிடையாது.

நம்மில் பலருக்கு இந்தப் பந்தயம் பழக்கமில்லாத விஷயம். குதிரைப் பந்தயம் தெரியும். கிராஞ்சிக்குச் சனிக்கிழமை தவறாமல் போய்வந்த தாத்தாக்கள் நம் குடும்பங்களிலும் இருந்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிக் குதிரை ஓடிமுடித்ததையும் பார்த்துவிட்டோம். நாய்ப் பந்தயம் வேறு வகை. மேலே ஏறி ஓட்ட ஆள் இல்லை, சவுக்கு இல்லை. ஆறு நாய்கள், முன்னால் ஓர் இயந்திர முயல், முப்பது வினாடி. அவ்வளவுதான்.

கிரேஹவுண்டைப் பார்த்திராதவர்கள் நம் சிப்பிப்பாறை நாயை நினைத்துக்கொள்ளலாம். ஒடுங்கிய முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். இரண்டும் மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்து இரையைத் துரத்தும் நாய்கள். திருநெல்வேலிப் பக்கம் முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறையைக் கூட்டிப்போனதுபோல, இங்கிலாந்துப் பிரபுக்கள் கிரேஹவுண்டைக் கூட்டிப்போனார்கள். திறந்தவெளியில் உயிருள்ள முயலைவிட்டு இரண்டு நாய்களை அவிழ்த்துவிடுவது பிரபுக்களின் பொழுதுபோக்கு. தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

தொழிலாளிக்கு இடம் கொடுத்தது ஓர் இயந்திரம். ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர், தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலைக் கலிஃபோர்னியாவில் உருவாக்கினார். உயிருள்ள முயலைக் கொல்வதைத் தவிர்க்க ஒரு வழி வேண்டும் என்பதும் அவர் நோக்கம். அந்தத் தொழில்நுட்பம் கடல் தாண்டி வந்து, 1926 ஜூலை 24ஆம் தேதி மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் முதல் பந்தயம் நடந்தது. ‘மிஸ்ட்லி’ என்ற நாய் வென்றது. கூட்டம் இரண்டாயிரம்கூட இல்லை. சில வாரங்களிலேயே அது பல மடங்காகப் பெருகியது. ஒரே ஆண்டில் நாடெங்கும் தடங்கள் முளைத்துவிட்டன.

இவ்வளவு வேகம் ஏன்? குதிரைப் பந்தயம் பகலில், நகருக்கு வெளியே நடக்கும். ஆலைத் தொழிலாளி விடுப்பு எடுத்து, ரயில் ஏறிப் போகவேண்டும். நாய்ப் பந்தயமோ வேலை முடிந்த பிறகு, மின்விளக்கு வெளிச்சத்தில், டிராம் போகும் தூரத்தில். அதோடு, அந்தக் காலத்தில் பந்தயத் தடத்துக்கு வெளியே ரொக்கப் பணம் வைத்து பந்தயம் கட்டுவது சட்டப்படி குற்றம். சாதாரண மனிதன் சட்டத்துக்கு உட்பட்டு ஐந்து ஷில்லிங் கட்ட நாய்த் தடம்தான் பக்கத்தில் இருந்தது. உயிருள்ள சூதாட்டச் சக்கரம் என்று சர்ச்சில் கேலி செய்தார். கூட்டம் குறையவில்லை. 1961ல் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகளைத் திறக்கச் சட்டம் இடம் கொடுத்தபோதுதான் சரிவு தொடங்கியது. மூலைக் கடையில் கட்டலாம் என்றால் குளிரில் தடத்துக்கு யார் போவார்கள்?

பாதிரியாரின் நாய்

டெர்பியைப் பற்றி எழுதிவிட்டு ‘மிக் த மில்லர்’ பற்றி எழுதாமல் போகமுடியாது. அயர்லாந்தின் ஆஃபலி வட்டாரத்தில் கில்லி என்று ஒரு கிராமம். அங்கே மார்ட்டின் புரோஃபி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கிரேஹவுண்ட் வளர்த்தார். 1926ல் பிறந்த குட்டிகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சிறியது. பாதிரியார் வீட்டில் எடுபிடி வேலை செய்த மிக் மில்லர் என்பவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வளர்ந்து ஓடத் தொடங்கிய நேரத்தில் டிஸ்டெம்பர் நோய் வந்து சாகக் கிடந்தது. டப்ளினின் ஷெல்போர்ன் பார்க் தடத்தில் மருத்துவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பிழைக்க வைத்தார்.

1929ல் பாதிரியார் அதை லண்டனுக்குக் கூட்டிவந்தார். டெர்பியின் தொடக்கச் சுற்றில் 525 கெஜத்தை 29.82 வினாடியில் ஓடியது. அந்தத் தூரத்தை 30 வினாடிக்குள் ஓடிய நாய் உலகில் அதுவரை இல்லை. நம் கணக்கில் மணிக்கு 58 கிலோமீட்டர், அதுவும் வளைவுகளில் திரும்பிக்கொண்டு. மிக்கை அந்தப் போட்டியின்போதே, கூட்டத்தின் நடுவே, 800 கினிக்கு விற்றுவிட்டார் பாதிரியார். வாங்கியவர் லண்டன் புக்கி ஒருவர்.

இறுதி ஓட்டத்தில் முதல் வளைவிலேயே நாய்கள் மோதிக்கொண்டன. மிக் பின்தங்கிவிட்டது. அதன் ஆதரவாளர்கள் தலையில் கை வைத்த நேரத்தில், ஓட்டம் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. சிறிது இடைவெளிவிட்டு நாய்களை மறுபடி ஓடவிட்டார்கள். மிக் வென்றது. 1930லும் வென்றது. தொடர்ந்து 19 ஓட்டங்களில் வென்ற சாதனையும் அதற்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 1931தான். மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்தது மிக். நாய்க் கணக்கில் அது அப்போது கிழம். ஆனாலும் முதலாவதாக எல்லைக் கோட்டைக் கடந்தது. கூட்டம் தொப்பிகளை வீசியெறிந்து கொண்டாடிக்கொண்டிருக்கும்போது ஒலிப்பான் அலறியது. ஓட்டத்தில் ஒரு நாய் இன்னொன்றோடு சண்டை போட்டதாம், ஓட்டம் செல்லாதாம். மறுபடி ஓடவேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் களைத்துப்போன மிக் நான்காவதாக வந்தது. ‘செல்டம் லெட்’ என்ற நாய்க்குப் பட்டம் போனது. 1929ல் எந்த விதி அதற்குக் கைகொடுத்ததோ அதே விதி இரண்டு ஆண்டில் திரும்பி வந்து கையைத் தட்டிவிட்டது. அதே ஆண்டு வெம்பிளியில் செயின்ட் லெஜர் பட்டத்தை வென்றுவிட்டு மிக் ஓய்வு பெற்றது. பிறகு சினிமாவில் நடித்தது. 1939ல் இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடலை இன்றும் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

மிக்குக்குப் பின் டெர்பியை இருமுறை வென்றவை மூன்றுதான்: 1972, 1973ல் ‘பேட்ரீஷியாஸ் ஹோப்’, 2000, 2001ல் ‘ராப்பிட் ரேஞ்சர்’, 2005, 2006ல் ‘வெஸ்ட்மீட் ஹாக்’. பெண் நாய்கள் வென்றது அதைவிட அபூர்வம். மொத்தம் நான்கு. முதலாவது, 1935ல் வென்ற ‘கிரெட்டா ரானீ’. எந்த ராணியை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ! 1968ல் வென்ற ‘கமிரா ஃபிளாஷ்’ நாயின் உரிமையாளர் எலிசபெத் அரசியாரின் கணவர் இளவரசர் பிலிப். பாதிரியாரிலிருந்து அரண்மனைவரை ஆசை ஒன்றுதான்.

கணபதி கோயிலுக்குப் பக்கத்தில்

ஒயிட் சிட்டி அரங்கை 1984ல் மூடி, இடித்து, அங்கே பிபிசி கட்டடம் எழுப்பினார்கள். டெர்பி 1985ல் விம்பிள்டனுக்கு வந்தது. விம்பிள்டன் என்றதும் டென்னிஸ் நினைவுக்கு வரும். லண்டன் தமிழர்களைக் கேட்டால் கணபதி கோயில் என்பார்கள். எஃப்ரா சாலையில் இருக்கும் அந்தக் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பிளவ் லேன் தெருவில் இருந்தது நாய்ப் பந்தய அரங்கு. பக்கத்து டூட்டிங்கில் தோசைக் கடைகளும் யாழ்ப்பாணத்துப் பலசரக்குக் கடைகளும் வரிசையாக இருக்கும்.

என் அண்ணன் குடும்பம் டூட்டிங்கில் இருக்கிறது. 2006 கோடையில் அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் என்னைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளில் படிக்க வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டவர். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை நாய் என்று ஒழுங்காக வாழ்ந்தார். அன்று டெர்பி இறுதி.

“தம்பி, முன்னுக்கு வாற நாயைப் பாக்காதையும். முதல் வளைவில ஆர் இடிபடாமல் வாறார் எண்டு பாரும். மிச்சமெல்லாம் தானா நடக்கும்” என்றார் நுழையும்போதே. பல புத்தகங்கள் படித்தும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறு பெட்டிகள். முதலாம் பெட்டி நாய்க்குச் சிவப்பு மேலங்கி, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. எல்லா நாய்க்கும் வாய்க்கூடு. ஓடுவதற்குமுன் வெள்ளை மேலங்கி அணிந்த பணியாளர்கள் அவற்றைப் பார்வையாளர்முன் நடத்திக் காட்டுவார்கள். அனுபவசாலிகள் அந்த இரண்டு நிமிடத்தில் தொடைச் சதையையும் வாலையும் நடையையும் பார்த்து முடிவெடுப்பார்கள். முயல் உறுமிக்கொண்டு வரும். பெட்டிக்குள் இருக்கும் நாய்கள் அதைக் கேட்டு ஊளையிடும். கதவு படாரென்று திறக்கும். ஐந்து வினாடியில் முதல் வளைவு. அங்கே உள்வரிசைக்குப் போக ஆசைப்படும் நாயும், வெளிவரிசையை விரும்பும் நாயும் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தால் மோதல்தான். இதனால்தான் எந்த நாய்க்கு எந்தப் பெட்டி என்பது அவ்வளவு முக்கியம்.

டெர்பியை வெல்வது ஏன் கடினம் என்பதும் இதில்தான் இருக்கிறது. 150க்கும் மேற்பட்ட நாய்கள் நுழைகின்றன. தொடக்கச் சுற்றுகள், காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மொத்தம் ஆறு சுற்று, கிட்டத்தட்ட ஆறு வாரம். வேகம் மட்டும் இருந்தால் போதாது. ஆறு முறையும் அந்த முதல் வளைவை அடிபடாமல் தாண்டவேண்டும்.

வெஸ்ட்மீட் ஹாக் அந்த விதிக்கே விலக்கு. பெட்டியிலிருந்து சாவகாசமாக வெளியே வரும். முதல் வளைவில் முன்னால் போகிறவர்கள் மோதி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல் பின்னால் வரும். பயிற்றுநர் நிக் சவா, சைப்ரஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். தானே இனப்பெருக்கம் செய்து, தானே பயிற்றுவிப்பவர். அன்று இரவும் ஹாக் பின்னால்தான் இருந்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கமாக நகர்ந்தபோது என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அதன்பின் கேட்டதெல்லாம் கூச்சல். முன்னால் போன நாயைக் கோட்டுக்கு அருகில் எட்டிப்பிடித்துத் தாண்டியது. 480 மீட்டர், 28 வினாடிக்குச் சற்று அதிகம். பெரியவர் ஐந்து பவுண்டு கட்டியிருந்தார். வென்ற காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, “இவனைப்போல இன்னொருத்தன் வரமாட்டான்” என்றார். அந்த நாய்க்குப் பின்னர் மேடம் டுசாட்ஸ் அரங்கில் மெழுகுச் சிலை வைத்தார்கள்.

விம்பிள்டனில் கடைசி டெர்பி 2016ல். அரங்கை 2017 மார்ச் மாதம் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகளும் ஏஎஃப்சி விம்பிள்டன் குழுவின் காற்பந்து அரங்கும் நிற்கின்றன. 1966ல் நாய்க்காகக் காற்பந்து இடம் மாறியது. இப்போது காற்பந்துக்காக நாய் இடம் மாறிவிட்டது. டெர்பி, நார்த்தாம்டன்ஷியரில் உள்ள டவ்செஸ்டருக்குப் போனது. 2018ல் அந்த நிறுவனம் நொடித்ததால் இரண்டு ஆண்டு நாட்டிங்ஹாமில் அகதியாக இருந்தது. 2021 முதல் மீண்டும் டவ்செஸ்டர். வெல்லும் நாய்க்குப் பரிசு 175,000 பவுண்டு, நம் பணத்தில் ஏறத்தாழ 300,000 வெள்ளி. ஒருகாலத்தில் லண்டனில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட தடங்கள் இருந்தன. கேட்ஃபர்ட், வால்தம்ஸ்டோ, கிரேஃபர்ட் என்று ஒவ்வொன்றாக மூடியபின் இன்று எஞ்சியிருப்பது ரொம்ஃபர்ட் ஒன்றே. நாடு முழுக்க உரிமம் பெற்ற தடங்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலான ஓட்டங்கள் பகல் வேளையில், காலி இருக்கைகளுக்கு முன்னால் நடக்கின்றன. பந்தயக் கடைகளின் தொலைக்காட்சித் திரைக்காகவும் கைப்பேசிச் செயலிகளுக்காகவும் மட்டுமே அந்த நாய்கள் ஓடுகின்றன.

கருப்பி

மறுபக்கத்தை எனக்குக் காட்டியது என் அண்ணிதான். 2019ல் அவர் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிரேஹவுண்டைத் தத்தெடுத்தார். கறுப்புப் பெண் நாய். பிள்ளைகள் வைத்த பெயர் கருப்பி. இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்தியிருக்கிறது. அப்படி இரு காதிலும் இருந்தால் அயர்லாந்தில் பிறந்தது என்று பொருள். இங்கிலாந்தில் ஓடும் நாய்களில் மிகப் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவைதாம்.

முதல் வாரம் அது மாடிப்படி ஏறவில்லை. அடம் இல்லை, படி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கொட்டகையிலும் தடத்திலும் வளர்ந்த நாய்க்குப் படி ஏது? கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால் நடுங்கியது. அண்ணி ஒவ்வொரு படியாகக் காலை எடுத்து வைத்துக் கற்றுக்கொடுத்தாராம், குழந்தைக்குச் செய்வதுபோல. ஓடுவதற்காகவே பிறந்த நாய் என்று நாம் நினைப்போம். வீட்டில் அது நாளுக்குப் பதினாறு மணி நேரம் தூங்குகிறது. கொழுப்பே இல்லாத உடம்பு என்பதால் குளிர்காலத்தில் சட்டை போடவேண்டும்.

அதன் வலது பின்னங்காலில் கணுவுக்கு மேலே ஒரு முடிச்சு. அங்கே எலும்பு முறிந்துதான் பந்தய வாழ்க்கை முடிந்தது. இது கருப்பிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தடத்தில் நாய்கள் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் உடலின் பாரம் வலது பின்னங்காலில் விழுகிறது. திரும்பத் திரும்ப விழும் பாரத்தில் அந்தக் கணுவில் உள்ள சிறு எலும்பு உடைவது கால்நடை மருத்துவர்களுக்கு மிகப் பழக்கமான காயம். எந்த வளைவு டெர்பியை இவ்வளவு பரபரப்பாக ஆக்குகிறதோ, அதே வளைவுதான் காலை உடைக்கிறது. இரண்டையும் பிரிக்க வழியில்லை.

பிரிட்டனின் கிரேஹவுண்ட் வாரியம் 2018 முதல் காயங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காயங்கள். ஏறத்தாழ நூறு நாய்கள் தடத்திலேயே உயிரிழக்கின்றன. மொத்த ஓட்டங்களோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் என்பது வாரியத்தின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் நாய் சம்மதம் கொடுத்து ஓடவில்லை என்பதை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஓய்வுக்குப் பின் என்ன நடந்தது என்பதில் பழைய கதை இன்னும் இருண்டது. 2006ல், நான் விம்பிள்டனில் நின்று கைதட்டிய அதே கோடையில், லண்டனின் சண்டே டைம்ஸ் வார இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. வடக்கு இங்கிலாந்தில் சீயம் என்ற ஊரில் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக, ஓட முடியாமல்போன நாய்களை ஆளுக்குப் பத்து பவுண்டு வாங்கிக்கொண்டு கொன்று தோட்டத்தில் புதைத்துவந்தார் என்பது செய்தி. நாடே அதிர்ந்தது. கிரேஹவுண்ட் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஓய்வு பெறுகிறது. பன்னிரண்டு வயதுவரை வாழக்கூடியது. எஞ்சிய அந்த எட்டு ஆண்டு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றுதான் பொதுவெளிக்கு வந்தது. இப்போது நாயைப் பதிவுசெய்யும்போதே 400 பவுண்டு அளவில் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. தத்துக் கொடுக்கும் அமைப்புக்கு அது போய்ச் சேரும். கருப்பி போன்றவை வீடுகளுக்கு வருவது அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்த மாற்றங்களால்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மக்காவில் யாட் யுவன் கெனிட்ரோம் என்ற நாய்த் தடம் 1963 முதல் நடந்தது. ஆஸ்திரேலியாவில் ஓடிக் களைத்த நாய்களை அங்கே அனுப்புவார்கள். அங்கு போன நாய் தத்து வீட்டுக்குத் திரும்பியதாகக் கேள்விப்பட்டது அபூர்வம். 2018 ஜூலையில் அதை மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் அனாதையாக நின்றன. உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் விண்ணப்பித்து, விமானத்தில் ஏற்றி, ஒவ்வொன்றாக வீடு சேர்த்தார்கள். நிறுவனம் செய்யாததை யார் யாரோ செய்தார்கள்.

இனி எத்தனை டெர்பி?

2022ல் ஆர்எஸ்பிசிஏ, டாக்ஸ் டிரஸ்ட், புளூ கிராஸ் ஆகிய பெரிய விலங்குநல அமைப்புகள் மூன்றும் சேர்ந்து, இந்தப் பந்தயத்தைப் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்று கேட்டன. அதற்குமுன் சீர்திருத்தம் போதும் என்று வாரியத்தோடு உட்கார்ந்து பேசியவர்கள் அவர்கள். 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசாங்கம் தடை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசாங்கமும் அறிவித்தது. வேல்ஸில் இருப்பது ஒரே ஒரு தடம் என்றாலும், பிரிட்டனுக்குள்ளேயே ஒரு பகுதி கதவைச் சாத்துவது சின்ன விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2016ல் தடை என்று சொன்னது. கிராமப்புற எதிர்ப்பைப் பார்த்துச் சில மாதங்களிலேயே பின்வாங்கியது. ஆகவே அறிவிப்பு வேறு, நடப்பது வேறு.

எதிர்ப்பவர்களின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இறைச்சி வேகவைத்து, நாய்களின் கால்களைத் தேய்த்துவிட்டு, குடும்பமாக வாழ்கிறவர்கள் பயிற்றுநர்கள். பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். டெர்பிப் பரிசு அவர்களில் ஒருவருக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும். மற்றவர்களுக்குக் கிடைப்பது ஓட்டத்துக்கு இவ்வளவு என்ற சில்லறை. அண்மையில் அண்ணியிடம் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசினேன். அவர் தடைக்கு ஆதரவு என்று நினைத்திருந்தேன். ஆதரவுதான்.

“நிறுத்தட்டும் தம்பி, நிறுத்தத்தான் வேணும். ஆனா ஓட்டம் இல்லன்னா இந்த நாய யாரு வளர்ப்பா? இன்னும் இருபது வருஷத்துல கருப்பி மாதிரி ஒண்ணு தெருவுல நடந்து போறத நம்ம பேரப்பிள்ளைங்க பாப்பாங்களா? அத நினைச்சாதான் ஒரு மாதிரி இருக்கு” என்றார்.

டெர்பி இறுதி வரும் இரவில் அவர் வரவேற்பறையில் உட்காருவதில்லை. கதவு படாரென்று திறக்கும் சத்தம் வந்தவுடன் அடுப்படிக்குப் போய்விடுவாராம். அண்ணன் மட்டும் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ரொம்ஃபர்ட் தூரம் என்பதால் பந்தயத்துக்குப் போவதை விட்டுவிட்டார். டெர்பிக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவார். 2025 இறுதியில் ‘டிரூபீஸ் பிளஞ்ச்’ வென்றபோது இருவரும் எழுந்து நின்று கத்தியிருக்கிறார்கள். அதே சோஃபாவில் படுத்திருந்த கருப்பி ஒரு கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டதாம்.